வேலி எங்கே? முதலில் அதைச் சொல்லுங்கள்!

நிலப் பத்திரத்தில் "வடக்கே வாய்க்கால்" என்று ஒரு வரி இருக்கும். எந்த வாய்க்கால்? பெரிய வாய்க்காலா, கிளை வாய்க்காலா? இந்த ஒரு சொல்லுக்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டு ஏறியதுண்டு.

புதிய கருவி கண்டுபிடித்தவருக்கும் இப்படி ஒரு பத்திரம் உண்டு. அதுதான் காப்புரிமை. 'பேடண்டு' என்பார்கள். அதில் வேலி போடுவது முள்ளால் அல்ல, சொல்லால்!

கனடா நாட்டு 'ரிசர்ச் இன் மோஷன்' கம்பெனி ஒரு காலத்தில் 'பிளாக்பெர்ரி' என்ற கைக்கருவியை விற்றது. கம்பி இல்லாமலே அதில் மின்னஞ்சல் வந்து சேரும். "இது எங்கள் பேடண்டு எல்லைக்குள் வருகிறது" என்று 'என்.டி.பி.' என்ற அமெரிக்கக் கம்பெனி 2001-ல் வழக்குப் போட்டது. 2002-ல் ரிச்மண்ட் நகரில் ஜூரிகள் என்.டி.பி. பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

பேடண்டில் ஒரு சொல். செய்தி 'புறப்படும்' கம்ப்யூட்டர் என்று அதற்கு அர்த்தம். அது எது? எழுதியவரின் கம்ப்யூட்டரா, வழியில் வாங்கி அனுப்பும் கம்ப்யூட்டரா? கடிதம் புறப்பட்டது எழுதியவர் வீட்டிலா, பை கட்டிய தபாலாபீசிலா என்று கேட்பது போலத்தான். கீழ்க் கோர்ட்டு இரண்டும் சேரும்படி அகலமாகப் பொருள் கொண்டது. 2005-ல் அப்பீல் கோர்ட்டு, "அது தவறு. செய்தியைத் தொடங்கி வைப்பதுதான் அது" என்றது.

மற்ற சில சொற்களில் என்.டி.பி.தான் ஜெயித்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சொல்லுக்குப் பொருள் சொல்வது நீதிபதியின் வேலை, ஜூரிகளின் வேலை அல்ல என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1996-லேயே முடிவு செய்தது. அது ஒரு சலவைக் கடைக் கணக்கு வழக்கு. 'இருப்பு' என்றால் துணியா, பணமா என்று சண்டை! அந்த முடிவு சரிதான்.

ஆனால் நீதிபதி பொருள் சொன்னதும் அப்பீல் போக முடிவதில்லை. பொதுவாக வழக்கு முழுவதும் முடிய வேண்டும். அதனால் என்ன ஆயிற்று? ஜூரிகள் "அத்துமீறல்" என்று சொல்லி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, "வேலியில் ஒரு பக்கம் அங்கே இல்லை" என்று தெரிந்தது.

இதற்குள் கருவி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் பயம். தடை வந்தால் மின்னஞ்சல் நின்றுவிடுமே! அமெரிக்க அரசாங்கமே தன் ஊழியர்களுக்காகக் கோர்ட்டில் கவலை தெரிவித்தது. கடைசியில், 2006 மார்ச்சில், கனடா கம்பெனி 61 கோடியே 25 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

"நடுவிலே அப்பீல் வைத்தால் வழக்கு நீளும்" என்பார்கள். இந்த வழக்கு மட்டும் நீளவில்லையா? நாலு வருஷத்துக்கு மேல் ஆயிற்றே!

பொருள் சொன்ன அன்றே அப்பீலுக்கு வழி விடட்டும். அதற்கு ஆறு மாதம் கெடு வைக்கட்டும். அதுவரை ஜூரிகளைக் கூப்பிட வேண்டாம்.