ஃபீஸ் எவ்வளவுன்னு எழுதிக் கொடுங்க சார்!



பிளஸ் டூ பரீட்சை நெருங்கிவிட்டது. இனி நம் பள்ளி வாசலுக்குத் தனியார் கல்லூரிக்காரர்கள் வருவார்கள். பேனா தருவார்கள், பரீட்சை அட்டை தருவார்கள், ஏ.சி. லேப் படம் போட்ட வழவழப்பான புத்தகமும் தருவார்கள். அதைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பாருங்கள். வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. கேட்டால், "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்பார்கள். நம்ம ஊர் பிரியாணிக் கடையிலகூட விலைப் போர்டு தொங்குது. மூணு வருஷப் படிப்புக்கு ஒரு போர்டு கிடையாதா?

என் அக்கா கதையைச் சொல்கிறேன். (கல்லூரிப் பெயர் வேண்டாம்.) செமஸ்டருக்குப் பதினெட்டாயிரம் என்று வாயால் சொன்னார்கள். சேர்ந்த பிறகு வந்த சீட்டில் வளர்ச்சி நிதி, பிளேஸ்மென்ட் டிரெய்னிங், ரெண்டு செட் யூனிஃபார்ம், பஸ் எல்லாம் சேர்ந்து நாற்பத்தோராயிரம்! அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அடுத்த மாதமே அக்காவுக்கு எம்.வி.எம். அரசு மகளிர் கல்லூரியில் இடம் கிடைத்தது. போகலாம் என்றால், "மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு டி.சி. வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அங்கேயே படிக்கிறாள்.

அப்படி ஒரிஜினல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் விலகினால்கூடக் கட்டியதில் 80 சதவீதம் திரும்பத் தர வேண்டும். இதெல்லாம் எங்க வீட்ல யாருக்குத் தெரியும்?

சட்டம் இல்லாமல் இல்லை. நன்கொடை வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. 2003-ல் உச்ச நீதிமன்றம், தொழிற்கல்விக் கட்டணத்தை ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையிலான குழு பார்க்க வேண்டும் என்றது. அப்படி 2017-ல் நம் மாநிலப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு ஒதுக்கீட்டில் 50,000, தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000 என்று நிர்ணயித்தார்கள். பஸ்ஸும் ஹாஸ்டலும் அந்தக் கணக்கில் வராது. பி.காம்., பி.எஸ்சி. பக்கம் அந்தக் குழுவே வராது. ஆனால் யு.ஜி.சி.யின் 2023 விதிப்படி, சேர்க்கை தொடங்க 60 நாளுக்கு முன்பே ஒவ்வொரு கட்டணத்தையும் தனித்தனியாகப் போட்டுக் கையேடு வெளியிட வேண்டும். அமெரிக்காவில் 2011 முதல் கல்லூரி இணையதளத்தில் வீட்டு வருமானத்தைப் போட்டால், உதவித்தொகை போக உத்தேசமாக எவ்வளவு ஆகும் என்று காட்டும் வசதி இருக்கிறது.

ஃபீஸ் அதிகம்னு நான் சண்டை போடலை. கட்டடம், சம்பளம் எல்லாம் அவங்களுக்கும் செலவுதான். முன்னாடியே சொல்லுங்கன்னுதான் கேட்கிறேன். தெரிந்தால் அப்பா யோசித்து முடிவு எடுப்பார், லோனுக்குக் கேட்பார்.

இன்னொன்று. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால், படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. இது 2021-ல் வந்தது. ஆனால் கவுன்சிலிங் வழியாகப் போனால்தான். "இப்பவே ஐயாயிரம் கட்டி சீட்டைப் பிடிச்சுக்கோங்க" என்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

தலைமை ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்குள் வரும் ஒவ்வொரு கல்லூரிக்காரரும் ஒரு தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட்ட பிறகே வகுப்புக்குள் பேசட்டும். படிப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பஸ், ஹாஸ்டல், மற்றவை, எல்லா வருஷத்துக்கும். விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதும். அந்தத் தாள்களை இந்தச் சுவரிலேயே ஒட்டலாம். கோடு போட்ட சார்ட் எங்கள் வகுப்பில் தயாராக இருக்கிறது. பசை மட்டும் ஆபீஸில் கேட்க வேண்டும்.

– பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி