வாளியில் சாகும் இரை, கண்மாயில் பிழைக்கும் மிச்சம்

விராலுக்குத் தூண்டில் போட வருகிறவர்களின் வாளியை எட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. கம்பம் வீரப்ப நாயக்கன் குளத்துக் கரையானாலும் கூடலூர் ஒட்டான்குளத்துக் கரையானாலும் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பழைய பெயிண்ட் வாளியில் முக்கால் அளவு தண்ணீர், அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஜிலேபிக் குஞ்சுகளும் பொடிக்கெண்டைகளும். விடிகாலையில் துள்ளிக்கொண்டிருந்தவை வெயில் ஏறியதும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இன்னும் கொஞ்ச நேரத்தில் பாதி மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். செத்ததை அள்ளிக் கரையில் வீசிவிட்டு, சாகப்போவதை முள்ளில் கோத்துப் போடுவார்கள். கிளம்பும் நேரத்தில் எஞ்சியதைக் குளத்திலேயே கவிழ்த்துவிட்டு, "பிழைச்சுப் போகட்டும்" என்று ஒரு வார்த்தை.

இரண்டுமே தவறு. முதலாவது அந்த மீனுக்குச் செய்கிற தவறு. இரண்டாவது இந்தப் பள்ளத்தாக்குக்கே செய்கிற தவறு.

கம்பத்தில் மோட்டார் ரீவைண்டிங் செய்து பிழைப்பவன் நான். கடைக்கு விடுமுறை என்றால் குளக்கரையில்தான் இருப்பேன். ரப்பர் தவளையைக் கட்டி வீசுகிற புது இளைஞர்களும் எனக்குப் பழக்கம், உயிர் இரைதான் சரி என்று நிற்கிற மூத்தவர்களும் பழக்கம். உயிர் இரையே கூடாது என்று இங்கே நான் சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் மீனை உயிரோடு முள்ளில் கோப்பதற்குத் தடை இருக்கிறது, நார்வேயிலும் அப்படித்தான். அந்த விவாதம் நம்மிடமும் ஒருநாள் வரும், வரட்டும். இன்றைக்கு உயிர் இரையைக் கையில் எடுக்கிறவர் அந்த உயிருக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறாரா என்பதுதான் என் கேள்வி.

முதல் தவறிலிருந்து தொடங்குகிறேன். பனி உறையும் நாடுகளில் குளிர்காலத்தில் ஏரி கெட்டித்துவிடும். அதில் துளை போட்டு, ஓரத்தில் வாளி நிறைய இரை மீனை வைத்துக்கொண்டு தூண்டில் போடுகிறார்கள். டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரி இதற்குப் பேர்போனது. அங்கே மூச்சுக்காற்றுக்குப் பெரிய பஞ்சம் இல்லை. உறையும் நிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் 14 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். குளிரில் மீனின் உடம்பும் ஒடுங்கிவிடுவதால் அது கேட்பதும் குறைவு. அவர்கள் பயப்படுவதெல்லாம் வாளித் தண்ணீர் உறைந்துபோவதற்கும், சூடான வீட்டுக்குள் இருந்த மீனைச் சட்டென்று பனித் தண்ணீரில் விடும்போது அடிக்கிற அதிர்ச்சிக்கும்தான்.

நம் கதை நேர் எதிர். மேற்கே மலை இருப்பதால் மதுரையைவிடக் கம்பம் குளிர்ச்சி என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டாலும், பங்குனி சித்திரையில் மூடியில்லாத வாளித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் ஒரு லிட்டரில் நிற்கிற ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராம்தான். பனித் தண்ணீரில் இருப்பதில் பாதி. மீனின் தேவையோ ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. வரவு பாதியாகி, செலவு பல மடங்காகிறது. போதாதற்கு, மீன் கழிக்கிற அம்மோனியாவும் அதே தண்ணீரில் சேர்ந்து, சூடு ஏற ஏற விஷமாகிறது. வாயைப் பிளந்து மேலே வருகிற மீன் விளையாடவில்லை. அதற்கு மூச்சு முட்டுகிறது.

இதற்கு மருந்து விலை உயர்ந்த கருவி இல்லை. மீனின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான். ஒரு காலைப் பொழுதுக்கு ஐந்தாறு இரை போதும். அதற்குமேல் யாரும் கோத்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஐம்பது குஞ்சுகளை அள்ளிக்கொண்டு வருகிறார்கள். பத்து லிட்டர் வாளியில் விரல் நீளக் குஞ்சு எட்டு பத்து இருந்தால் தாராளமாக மூச்சுவிடும். ஐம்பதைப் போட்டால் பம்பு வைத்தாலும் திணறும்.

வாளிக்குப் பதிலாக மீன் கடையில் தூக்கிப் போடுகிற தெர்மாகோல் பெட்டியை நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளலாம். வெயில் உள்ளே இறங்காது. ஒரு தண்ணீர்ப் பாட்டிலை முதல் நாளே உறையவைத்து, மூடி திறக்காமல் மிதக்கவிட்டால் தண்ணீர் மெல்லக் குளிரும். ஐஸை உடைத்து நேராகக் கொட்டக் கூடாது. சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினாலே குஞ்சு விறைத்துப்போகும். மீன்தொட்டிக் கடைகளில் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்பு கிடைக்கிறது. அதோடு ஏர் ஸ்டோனையும் சேர்த்தே வாங்குங்கள். வெறும் குழாயிலிருந்து வரும் பெரிய குமிழி மேலே போய் உடைந்துவிடும். கல்லிலிருந்து வரும் பொடிக் குமிழிதான் தண்ணீரைப் புரட்டிக் காற்றை ஏற்றும். மோட்டாரோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பம்பை வாளித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். பேட்டரி தீர்ந்தால் தண்ணீர் குழாய் வழியே திரும்பி ஏறி மோட்டாரைக் கெடுத்துவிடும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது செவுளைப் பொசுக்கிவிடும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தால் பெருமளவு போய்விடும். போர்த் தண்ணீரை மோட்டார் போட்ட கையோடு பிடித்தால் அதில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். இரண்டு வாளிகளுக்கிடையே பலமுறை உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றிய பிறகுதான் மீனை விட வேண்டும். எல்லாவற்றையும்விட நல்லது, மீன் பிடித்த இடத்துத் தண்ணீர். இன்னொன்றைக் கம்பத்துக்காரர்களுக்கென்றே அழுத்திச் சொல்ல வேண்டும். திராட்சைத் தோட்டத்தில் மருந்து கலக்கிய வாளியையோ கேனையோ எத்தனை முறை கழுவினாலும் இரை மீனுக்கு எடுக்காதீர்கள். பூச்சிமருந்தின் மிச்சம் பிளாஸ்டிக்கில் ஊறிக் கிடக்கும். "காரணமே இல்லாம எல்லாம் செத்துப்போச்சு" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வாளியின் பூர்வீகத்தைத்தான்.

வைகை அணையில் அரசு மீன் பண்ணை இருக்கிறது. மீன் பண்ணைகளில் கட்லா, ரோகு குஞ்சுகளைக் கண்மாய்களுக்கு அனுப்பும் முறையைத் தூண்டில்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அனுப்புவதற்கு முன்பு குஞ்சுகளைப் பட்டினி போடுவார்கள். குடல் காலியானால் வழியில் தண்ணீர் அழுகாது. பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். கண்மாய்க்கு வந்ததும் பையைப் பிரித்துக் கொட்டிவிட மாட்டார்கள். கட்டியபடியே மிதக்கவிட்டு, உள்ளும் வெளியும் சூடு சமமான பிறகு கண்மாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, குஞ்சு தானாக நீந்தி வெளியேற விடுவார்கள். இரை மீனுக்கும் இதே மரியாதைதான் தேவை. முதல் நாள் இரவு தீனி போடாதீர்கள். உலர்ந்த கையால் பிடிக்காதீர்கள்; மேலே இருக்கும் வழுவழுப்பு உரிந்தால் அந்த இடத்தில்தான் பூஞ்சை ஏறும்.

அயிரை வைத்திருப்பவர்கள் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. அயிரை மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்கக் கூடியது. மதுரைப் பக்கம் சட்டித் தண்ணீரில் உயிரோடு வைத்து விற்க முடிவது அதனால்தான். விராலும் காற்றைக் குடிக்கிற மீன். கெண்டைக்கும் ஜிலேபிக் குஞ்சுக்கும் அந்த வசதி இல்லை. கோக்கும்போதும் முதுகெலும்பில் படாமல், முதுகுத் துடுப்புக்கு அடியில் மேல்சதையில் மட்டும் முள்ளைச் செருகினால் இரை நெடுநேரம் நீந்தும். விரால் பாய்வது நீந்துகிற மீன்மேல்தான். அரை உயிரில் தக்கைக்குக் கீழே தொங்குவதை அது திரும்பியும் பார்க்காது.

இனி இரண்டாவது தவறுக்கு வருகிறேன். இதுவரை சொன்னபடி கவனமாகப் பார்த்துக்கொண்டால், மாலையில் வாளியில் திடமான மீன் மிஞ்சும். சாகக் கிடந்த குஞ்சைக் குளத்தில் கொட்டினால் கொக்குக்கு இரையாகும். நன்றாக வளர்த்த குஞ்சைக் கொட்டினால் அது பிழைக்கும், பெருகும், உடம்பில் நோய் இருந்தால் பரப்பும். அதனால்தான் சொல்கிறேன், இரையை நன்றாகப் பேணுகிறவருக்குப் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

ஜிலேபி நம் மீன் இல்லை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952இல் இலங்கை வழியாக மண்டபத்துக்கு வந்தது. உணவுக்கு என்று நல்ல எண்ணத்தோடு நீர்த்தேக்கங்களில் விட்டார்கள். வைகை அணையிலும் விட்டார்கள். இன்று அது இல்லாத கண்மாயைத் தேட வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் தேக்கடி ஏரியில் ஜிலேபியும் சாதாக்கெண்டையும் ஏறி, வேறெங்கும் இல்லாத பெரியாற்று மீன்களை நெருக்குகின்றன. லெபிடோபைகாப்சிஸ் என்று அறிவியலில் ஒரு மீன். 1941இல்தான் அது உலகத்துக்கு அறிமுகமானது. பெரியாற்றின் மேல்பகுதியைத் தவிர உலகில் வேறு எங்கும் கிடையாது. 1895 முதல் சுரங்கம் வழியாக இறங்கி நம் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை நனைப்பது அந்த ஏரித் தண்ணீர்தான். அதற்கு நாம் கடன்பட்டவர்கள்.

"ஜிலேபிதான் எல்லா இடத்திலும் இருக்கே, நான் நாலு குஞ்சைக் கொட்டி என்ன ஆகப்போகுது?" என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் என் நண்பர்கள்தான். முதல் பதில், எல்லா இடத்திலும் இல்லை. சுருளிக்கு மேலேயும் மேகமலையிலும் கல்லொட்டி மீன் மட்டுமே ஓடுகிற ஓடைகள் இன்னும் இருக்கின்றன. 2021இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அந்த மலையில் அனுமதியில்லாமல் மீன் பிடிப்பதே குற்றம். அங்கே போய் மிச்ச இரையைக் கொட்டுவதைப் பாவம் என்றே சொல்வேன். இரண்டாவது பதில், வாளியில் இருப்பது ஜிலேபி மட்டும்தான் என்று எப்படித் தெரியும்? விரல் நீளக் கெளுத்திக் குஞ்சில், இந்தியாவில் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் நாட்டுக் கெளுத்தியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் குளக்கரையில் எத்தனை பேர்?

மூன்றாவதுதான் பெரியது. 1988இல் வடகிழக்கில் நுழைந்த புண் நோய் சில ஆண்டுகளில் தென்னிந்தியா வரை வந்து நன்னீர் மீன்களைச் சூறையாடியது. மீன் உடம்பில் சிவந்த குழிப்புண் விழுந்து சதை உதிரும். அதில் மோசமாக அடிபட்டது விரால் இனம். ஜிலேபியோ அந்த நோய்க்கு ஏறத்தாழ அசையாது. ஒரு கண்மாயில் நோய் இருந்தால் அங்கே மொண்ட தண்ணீரே போதும், அடுத்த கண்மாய்க்குக் கொண்டுபோக. எந்த விராலுக்காக ஊர் ஊராக அலைகிறோமோ அதற்கே நம் வாளி எமனாகலாம்.

அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் 2005இல் கண்டறியப்பட்ட ஒரு வைரஸ் நோய்க்குப் பிறகு அங்கே இரை மீன் விதிகள் இறுகின. மினசோட்டா மாநிலத்தில் மிச்ச இரையைத் தண்ணீரில் விடக் கூடாது, குப்பையில்தான் போட வேண்டும். இரையைத் திருப்பிக் கொண்டுபோவதானால் வாளியில் இருக்கும் ஏரித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் மாற்ற வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் 2022 முதல் மாகாணத்தையே இரை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து இரை மீனை மற்றொன்றுக்குக் கொண்டுபோவதைத் தடுத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் இதைப் பற்றி ஒரு பலகைகூட நான் பார்த்ததில்லை. கம்பத்துக் குளத்தில் கொட்டியது அங்கேயே நிற்கும் என்று நினைக்க வேண்டாம். மறுகால் பாய்ந்தால் முல்லையாறு, அங்கிருந்து வைகை அணை, மதுரை, கடைசியாக ராமநாதபுரம் பெரிய கண்மாய். மீன்வளத்துறை கண்மாயைக் குத்தகைக்கு விடும்போது வெளியூர் இரை மீன் கொண்டுவரக் கூடாது என்று ஒரு வரியைச் சேர்க்கலாம். குத்தகைக்காரர்களும் மறுக்க மாட்டார்கள். நோய் வந்தால் அவர்கள் விட்ட கட்லாவும் ரோகுவும்கூட அடிபடும். தூண்டில் சாமான் விற்கிற கடைக்காரர்கள், முள் வாங்க வரும் பையன்களிடம் ஒரு வார்த்தை சொல்லலாம்.

தூண்டில் போடுகிறவர்களிடம் நான் கேட்பது எளியது. எந்தக் கண்மாயில் தூண்டில் போடப் போகிறீர்களோ, அந்தக் கண்மாயிலேயே இரையையும் பிடியுங்கள். கரையோரம் ஒரு சின்ன வலையை அரைமணி நேரம் வீசினால் வேண்டிய அளவு கிடைத்துவிடும். தண்ணீர் மாறாது, சூடு மாறாது, மிச்சத்தை அதே இடத்தில் விடுவதிலும் குற்றமில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்திருந்தால் மிச்சத்தை வீட்டுக்கே எடுத்துப் போங்கள், குழம்புக்கு ஆகாவிட்டால் தென்னைக்கு அடியில் புதையுங்கள், வாளித் தண்ணீரைக் கண்மாயில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.