யாருக்கும் பாதிப்பில்லை என்பது பொய்

மலேசியாவில் 3ஜி சேவை மூடப்பட்டதால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் வரவில்லை, ஆகவே 2ஜியையும் தயங்காமல் மூடிவிடலாம் என்று தொலைத்தொடர்புத் துறை ஆலோசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். போதிய அவகாசம் கொடுத்தாகிவிட்டது, மலிவான 4ஜி கைத்தொலைபேசிகள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன, அரசும் உதவித்தொகை வழங்கிவிட்டது, இதற்குப் பிறகும் பழைய கருவியை விடாதவர்கள் மாற மனமில்லாத சோம்பேறிகள் என்பது அவருடைய வாதம். நான் பகாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவன். அவர் சோம்பேறிகள் என்று எழுதிய மனிதர்கள் என் உறவினர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, வெயில் ஏறும்வரை குலை வெட்டி, பிற்பகலில் உதிரிப் பழம் பொறுக்கியவர்களைப் பார்த்துச் சொல்லக்கூடிய சொல் இது அல்ல.

அலைக்கற்றை பற்றி அவர் எழுதியிருப்பது சரி. 3ஜி பிடித்து வைத்திருந்த 2100 மெகாஹெர்ட்ஸ் பகுதியை 4ஜிக்குத் திருப்பினால் அதே இடத்தில் கூடுதலான தகவலை அனுப்பலாம். ஒரே கோபுரத்தில் மூன்று தலைமுறைக் கருவிகளை ஓட்டும் மின்செலவும் பராமரிப்புச் செலவும் குறையும். இதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த மிச்சம் முழுவதும் நிறுவனங்களின் கணக்கில் சேர, மாற்றத்தின் செலவு மட்டும் தொழிலாளியின் தலையில் விழுந்ததை அவர் நியாயம் என்கிறாரே, அதில்தான் சண்டை.

முதலில் அவகாசத்தைப் பார்ப்போம். 3ஜியை மூடுவதையும் உள்ளடக்கிய ஜெண்டேலா இணைய விரிவாக்கத் திட்டத்தை அப்போதைய பிரதமர் முகிதீன் யாசின் அறிவித்தது 2020 ஆகஸ்டு 29. 3ஜியை மூடக் குறித்த கெடு 2021 டிசம்பர் 31. பதினாறு மாதம் என்று கட்டுரையாளர் கணக்குப் போடுகிறார். அந்தப் பதினாறு மாதத்தில் இந்த நாட்டில் என்ன நடந்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூட அவர் எழுதவில்லை. 2021 ஜனவரியில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை திரும்பி வந்தது, அவசரகாலம் பிரகடனமானது. ஜூன் 1-இல் முழு முடக்கம். மாநிலம் தாண்டிப் போகலாம் என்று அனுமதி வந்தது அக்டோபர் 11-இல்தான். அன்றிலிருந்து கெடு முடிய மூன்று மாதம்கூட இல்லை. ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் பிள்ளைகள்தாம் தோட்டத்துப் பெற்றோருக்குக் கைத்தொலைபேசி வாங்கித் தருகிறவர்கள், அதை இயக்கவும் சொல்லித் தருகிறவர்கள். அந்தப் பிள்ளைகளால் வீட்டுக்கே வர முடியாமல் போன ஆண்டு அது. அதைப் போதிய அவகாசம் என்று எழுத எப்படி மனம் வந்தது?

அடுத்து மலிவு. யாருக்கு மலிவு? அந்த ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாநகராட்சி, நகராண்மைக் கழகப் பகுதிகளில் 1,200 வெள்ளி, அவற்றுக்கு வெளியே 1,100 வெள்ளி. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் இல்லிருப்புக் கற்றலில் இருந்தால் அவர்களுக்கே இரண்டு கருவிகள் வேண்டும். 2020-இல் கல்வியமைச்சு நடத்திய ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. இருந்த காசில் பிள்ளைக்கு வாங்குவார்களா, பாட்டிக்கு வாங்குவார்களா? கட்டுரையாளர் சுட்டும் உதவி ஜாரிங்கான் பிரிஹாத்தின் திட்டத்தின் 180 வெள்ளி. அது குறைந்த வருமானம் பெறும் பி40 பிரிவினரின் தொடர்புச் செலவுக்காக 2021 வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய தொகை. பிள்ளையின் இணையக் கட்டணத்துக்கே அது போய்ச் சேர்ந்தது. நிறுவனங்கள் சலுகை விலையில் 4ஜி கைத்தொலைபேசி தந்ததாகவும் எழுதுகிறார். மாதக் கட்டண ஒப்பந்தத்தோடு வரும் சலுகை, பத்து வெள்ளிக்கு ரீலோட் போட்டு மாதத்தை ஓட்டுகிறவருக்கு எதற்கு உதவும்?

பாதிப்பே இல்லை என்கிறாரே, பாதிப்பு எப்படி வந்தது என்பதை என் சின்னம்மாவின் கையில் வைத்துச் சொல்கிறேன். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். அவரிடம் இருந்தது மகன் கொடுத்துவிட்டுப் போன பழைய 3ஜி தொடுதிரைக் கருவி. வாட்ஸ்அப்பில் பேத்தியின் முகத்தைப் பார்ப்பதற்கு மட்டுமே அதை வைத்திருந்தார். 2022 பிறந்ததும் முகம் வரவில்லை. கருவி 2ஜிக்கு இறங்கியிருந்தது. பேசலாம், குறுஞ்செய்தி வரும், படம் வராது. அவருக்கு இதை யாரும் சொல்லவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போனார். அங்கே உள்ளே இருந்ததை அழித்து முதலிலிருந்து அமைத்துக் கொடுத்தார்கள். அழிந்தவை அவர் சேர்த்து வைத்திருந்த எண்கள். மகனின் எண், நீலாயில் இருக்கும் மகளின் எண், தைப்பிங்கில் இருக்கும் அண்ணனின் எண் என்று எல்லாம் அந்தக் கருவியின் நினைவகத்தில்தான் இருந்தன. தாளில் எழுதி வைத்ததில்லை. படம் மட்டும் அப்போதும் வரவில்லை.

பிறகு மகன் ஒரு புதிய 4ஜி கருவி வாங்கி அனுப்பினார். சின்னம்மாவின் விரல் நுனிகள் தடித்து, வெடித்து, காய்த்துப்போனவை. உளி பிடித்த கை. தொடுதிரை விரல் தோலின் மின்கடத்தும் தன்மையை நம்பி வேலை செய்வது. காய்ந்து தடித்த தோலை அது பல நேரம் உணர்வதே இல்லை. பச்சை வட்டத்தை மூன்று முறை, நான்கு முறை தேய்ப்பார், அதற்குள் மணி நின்றுவிடும். கடைசியில் அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு ஒரு பட்டன் போன் வாங்கிக்கொண்டார். 2-ஐ அழுத்திப் பிடித்தால் மகன், 3-ஐ அழுத்திப் பிடித்தால் மகள். அந்தப் பட்டன் போன் 2ஜியில் ஓடுகிறது. கட்டுரையாளர் அடுத்து மூடச் சொல்வது அதைத்தான்.

4ஜி கருவி வைத்திருப்பவர்களுக்காவது கவலையில்லை என்கிறார். தொழில்நுட்பம் தெரிந்தவர் எழுதியது என்பதால் இந்த இடத்தில் எனக்குக் கோபம் கூடுகிறது. பெட்டியில் 4ஜி என்று அச்சடித்திருந்தால் அந்தக் கருவி 4ஜியில் பேசும் என்று பொருள் இல்லை. இணையம் 4ஜியில் ஓடும். குரல் அழைப்பு 4ஜியில் போக வோல்டி என்ற வசதி கருவியிலும் இருக்க வேண்டும், அந்த மாடலுக்கு நிறுவனமும் அதைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், எண்ணை அழுத்திய கணமே கருவி 4ஜியை விட்டுப் பழைய அலைக்கு இறங்கும். முன்பு 3ஜிக்கு இறங்கியது, இப்போது 2ஜிக்கு இறங்குகிறது. அத்தகைய கருவியில் திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டே ஓர் அழைப்பு செய்தால் 4ஜி என்ற எழுத்து மறைந்து வேறு எழுத்து வருவதை எவரும் காணலாம். நாளை 2ஜியும் இல்லையென்றால் அந்த அழைப்பு எங்கே இறங்கும்? பழைய மாடல்களும், வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த கருவிகளும், இரண்டாம் கையாக வாங்கியவையும் தோட்டப்புறத்தில் நிறைய. அவற்றுள் எது பேசும், எது பேசாது என்று அவற்றை வைத்திருப்பவருக்கே தெரியாது.

இது கற்பனைப் பயம் அல்ல, ஆஸ்திரேலியாவில் நடந்தது. 3ஜியை மூடும் நேரம் நெருங்கியபோது, 4ஜியில் ஓடிக்கொண்டிருந்த ஏறத்தாழ 740,000 கைத்தொலைபேசிகள் அவசர எண்ணான 000-ஐ மட்டும் 3ஜி வழியாகவே அழைப்பவை என்று 2024 மார்ச்சில் அந்த நாட்டு அரசே சொன்னது. டெல்ஸ்ட்ரா தொலைத்தொடர்பு நிறுவனம் ஜூன் 30 என்று வைத்த தேதியை ஆகஸ்டு 31-க்கும், பிறகு அக்டோபர் 28-க்கும் தள்ளியது. செனட் விசாரணை நடந்தது. அவசர அழைப்பு போகாத கருவிகளுக்குச் சேவையே தரக்கூடாது என்று உத்தரவு வந்தது. இவ்வளவுக்குப் பிறகும், 2025 நவம்பரில் சிட்னியில் ஒருவருடைய பழைய சாம்சங் கருவியிலிருந்து 000 அழைப்பு போகவில்லை. அவர் இறந்துபோனதை டிபிஜி தொலைத்தொடர்பு நிறுவனம் பகிரங்கமாக அறிவித்தது. பணமும் கண்காணிப்பும் உள்ள நாட்டில் இது நடந்திருக்கிறது. நம் 999-க்கு அப்படி ஒரு சோதனையை யார் நடத்தினார்கள்? கட்டுரையாளர் அந்தக் கேள்வியின் பக்கமே போகவில்லை.

4ஜி எங்கும் வந்துவிட்டது என்பதற்கு அவர் ஜெண்டேலாவின் இலக்கைக் காட்டுகிறார்: 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காடு. எதன் விழுக்காடு? மக்கள் குடியிருக்கும் பகுதிகளின் விழுக்காடு. செம்பனைக் காட்டில் யாரும் குடியிருப்பதில்லை, ஆனால் அங்கேதான் வேலை செய்கிறார்கள். நீண்ட கம்பில் பொருத்திய அரிவாளால் தலைக்கு மேலே இருக்கும் குலையை அறுக்கும்போது மட்டையும் சேர்ந்து விழும். முள் குத்தும், பாம்பு கடிக்கும், உரமூட்டையோடு டிராக்டர் கவிழும். அப்படி விழுந்தவர் கிடக்கும் இடம் அந்தக் கணக்கில் சேராது. நூறு விழுக்காடு எட்டிவிட்டோம் என்று நாளை அறிவித்தாலும் அவர் கணக்குக்கு வெளியேதான் கிடப்பார். தோட்டம் தனியார் நிலம் என்பதால் உள்ளே கோபுரம் போட நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும். சியாலாங், சுவா பெத்தோங், கெடிஸ் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்களுக்கு அந்த நிலத்தின் மேல் ஒரு சொல்லும் கிடையாது. கோபுரம் வேண்டும் என்று கேட்கிற உரிமைகூட இல்லாதவரை, வந்த வசதிக்கு மாறவில்லை என்று ஏசுவது அநியாயம்.

கைத்தொலைபேசி இல்லாமலே வாழ்ந்துகொள்ளலாமே என்றும் ஓரிடத்தில் எழுதுகிறார். வாழவிட்டார்களா? பெருந்தொற்றில் கடைக்குள் நுழைய மைசெஜாத்ரா செயலி. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, மோசடியைத் தடுக்கக் குறுஞ்செய்திக் குறியீட்டைக் கைவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது, வங்கிகள் செயலிக்கு மாறின. 2024 தொடக்கத்தில் அரசின் பாடு தரவுத்தளத்தில் பதிய, முகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஒவ்வொரு கதவிலும் கைத்தொலைபேசியைச் சாவியாக மாட்டியது தோட்டத்து மக்கள் அல்ல. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் வழங்கிய 100 வெள்ளி சாரா உதவிக்கு மைகார்டு போதும் என்று வைத்தார்கள். மனம் வைத்தால் அரசால் அப்படியும் செய்ய முடிகிறது.

இந்தியாவிலும் இதே வாதம் எழுந்தது. 2020-இல் முகேஷ் அம்பானி, 2ஜியில் சிக்கியிருக்கும் 30 கோடிப் பேரைப் பற்றிப் பேசி, 2ஜி இல்லாத இந்தியா வேண்டும் என்றார். அவருடைய வணிக நோக்கம் தெரிந்ததே, அவருடைய ஜியோ நிறுவனத்துக்கு 2ஜி சேவையே கிடையாது. ஆனால் அந்தப் பேச்சுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2017-இல், 4ஜியிலேயே பேசக்கூடிய பட்டன் போனை ஜியோ சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. கருவி முதலில் வந்தது, மூடு என்ற பேச்சு பிறகு வந்தது. நம் கட்டுரையாளர் கருவியைப் பற்றிப் பேசாமலே மூடு என்கிறார்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பை 2019 ஜூலையில் லங்காவியில் தொடங்கிப் படிப்படியாக நிறுத்தி, அக்டோபர் 31-இல் நாடு முழுவதும் முடித்தார்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒரே நாளில் பயனற்றுப் போகும் என்பது தெரிந்தே இருந்தது. ஆகவே அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு மைடிவி டிகோடர் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களைச் சோம்பேறிகள் என்று யாரும் திட்டவில்லை. டிகோடர் வாங்க வக்கில்லாதவர்கள் தொலைக்காட்சி பார்க்க வேண்டாம் என்றும் யாரும் எழுதவில்லை. நிறுத்துகிறவரே மாற்றுக் கருவியைத் தர வேண்டும் என்ற முறையை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அன்றைக்கு ஏற்றுக்கொண்டிருந்தது. இரண்டே ஆண்டுகளில், அதே ஆணையத்தின் மேற்பார்வையில், 3ஜியை மூடும்போது அந்த முறை கைவிடப்பட்டது. இதைக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் கட்டுரையாளர் கை தட்டுகிறார்.

2ஜியை மூடும் நாள் ஒன்று வரும். அதை நான் தடுக்கச் சொல்லவில்லை. அதற்கு முன்பு 4ஜியிலேயே பேசும் பட்டன் போன், கேட்கிற முதியவர் ஒவ்வொருவருக்கும் நிறுவனங்களின் செலவில் போய்ச் சேர வேண்டும். எந்தெந்த மாடலில் வோல்டி வேலை செய்கிறது என்ற பட்டியல் தமிழிலும் வர வேண்டும், தோட்ட அலுவலகத்திலும் ஆலயத்திலும் ஒட்டப்பட வேண்டும். பழைய எண்களைப் புதிய கருவிக்கு மாற்றிக் கொடுக்க ஆள் வர வேண்டும். 999-ஐக் காட்டுக்குள் நின்று அழைத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும். அலைக்கற்றையால் கிடைக்கும் மிச்சத்தோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு பெரிதல்ல. பெரிது என்று நினைத்தால் கணக்கைப் பொதுவில் வைக்கட்டும். கட்டுரையாளரும் தம் அடுத்த கட்டுரையில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்: தொலைக்காட்சி பார்ப்பதற்கு இலவசமாகக் கருவி பெறத் தகுதியுள்ள குடும்பம், மகனை அழைப்பதற்கு அதைப் பெறும் தகுதியை எந்த விதியின்படி இழந்தது?