கரண்ட் போனா சோலாரும் ஏன் நிக்குது?

1/ போன வாரம் பிரஷர் பார்க்க வந்த ஒரு ஆச்சி, பிபி ஏறினதுக்குக் காரணமும் அவங்களே சொன்னாங்க. "மகன் வெளிநாட்டுல இருந்து பணம் அனுப்பி மாடியில சோலார் போட்டான் தம்பி. கரண்ட் போனா அதுவும் நின்னுருது. நல்லா ஏமாத்திட்டாங்க."

2/ ஏமாத்தல. போடும்போது சொல்லாம விட்டுட்டாங்க.

3/ பேட்டரி இல்லாம ஈபி லைனோட இணைச்ச சோலார், கரண்ட் போன உடனே தானா நின்னுடும். இல்லேன்னா நம்ம மாடி மின்சாரம் லைனுக்குள்ள போயிடும். லைன் ஆஃப்னு நம்பி கம்பத்துல ஏறினவர் உயிர் போயிடும். ஷாக் கேஸ் பார்த்த டாக்டரா சொல்றேன், அது கோளாறு இல்லீங்க, பாதுகாப்பு. கரண்ட் இல்லாதப்பவும் ஓடணும்னா பேட்டரியும் அதுக்கேத்த இன்வெர்ட்டரும் வேணும்.

4/ சுகர் மாத்திரையை ஏன் போடணும்னு சொல்லாம சீட்டை மட்டும் நீட்டினா, ரெண்டு மாசத்துல நிறுத்திடுவாங்க. 2024ல வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல மருந்துதான். ஆனா விளக்கம் இல்லாத சீட்டு. ஆச்சி புலம்பலைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரங்க சோலார் பக்கமே போக மாட்டாங்க.

5/ இதெல்லாம் நடக்குறது எங்க? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல நேரு அடிக்கல் நாட்டி, 1953ல திறந்த சிக்ரி இருக்குற காரைக்குடியில! உள்ளே லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி. வெளியே நம்மில் பாதிப் பேருக்கு ஈபி பில்லை வாசிக்கத் தெரியாது.

6/ பசுமைக் கல்வின்னா "மரம் வளர்ப்போம்" கட்டுரைப் போட்டியோட முடிச்சுடுறோம். டீச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வீட்டு ஈபி பில்லைக் கொண்டுவரச் சொல்லுங்க. ரெண்டு மாச யூனிட்டை 60ஆல வகுக்கட்டும். நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் சோலார் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். அப்ப வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேணும்? பிள்ளை கணக்குப் போட்டுச் சொல்லட்டும். அப்புறம் அந்த வீட்டுல யாரும் தேவைக்கு மேல எதையும் வித்துட்டுப் போக முடியாது.

7/ சோலார் போடப் போறீங்களா? மூணு கேள்வி கேளுங்க. கரண்ட் போனா ஓடுமா? தூசியை யார், எப்படித் துடைக்கணும்? ரிப்பேருன்னா யாரு வருவா? பதில் வந்த பிறகு அட்வான்ஸ் குடுங்க.

8/ ஆச்சிக்கு இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "கம்பத்துல ஏறுற பிள்ளை உயிருக்குன்னா நிக்கட்டும் தம்பி. இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். பிபி மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்கன்னு சொல்லி அனுப்பினேன்.