ஓராண்டு மேயர்: தில்லியின் தாராளம் யாருக்கு?

தில்லி மாநகராட்சியைப் பற்றிய விவாதங்களில் ஒரு வாதம் தவறாமல் எழுகிறது. ஐந்தாண்டுகளில் ஐந்து முறை மேயர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். முதலாம் ஆண்டு பெண்ணுக்கும் மூன்றாம் ஆண்டு பட்டியலினத்தவருக்கும் உரியது. ஆகவே வாய்ப்பைப் பகிர்ந்தளிப்பதில் இதனினும் சிறந்த ஏற்பாடு இல்லை என்கின்றனர். 1958இல் அருணா ஆசப் அலி முதல் மேயரானதையும் பெருமையுடன் சேர்த்துக்கொள்கின்றனர். இவ்வாதத்தை நான் முற்றாக மறுக்கிறேன்.

1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். அதனைச் செயற்படுத்தும் அதிகார அமைப்புகளை 44ஆம் பிரிவு எண்ணிக் கூறுகிறது: மாமன்றம், வார்டு குழுக்கள், நிலைக்குழு, ஆணையர். மேயர் அப்பட்டியலில் இல்லை. நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. அவரை நியமிப்பது ஒன்றிய அரசு. சட்டம் அவருக்கு முதற்கண் வகுத்த பதவிக்காலம் ஐந்தாண்டு. மாமன்றம் தேர்ந்தெடுத்த மேயருக்கோ ஓராண்டு. இந்த இரண்டு எண்களுக்கிடையே உள்ள வேறுபாடு தற்செயலானதன்று.

அந்த ஓராண்டில் என்ன செய்ய இயலும்? ஏப்ரலில் மேயர் பொறுப்பேற்கும்போது அவ்வாண்டின் வரவுசெலவுத் திட்டம் முன்னரே நிறைவேறியிருக்கும். அவர் தலைமையில் நிறைவேறும் திட்டத்தின் பணத்தைச் செலவிடும் காலத்தில் அவர் பதவியில் இருக்கமாட்டார். ஒரு தெருவின் வடிகாலைக்கூடத் தொடங்கி முடித்துவைக்க அவகாசமற்ற பதவியைச் சுழற்சியில் வழங்குவது அதிகாரப் பகிர்வாகுமா? நாற்காலியைப் பகிர்வதாகவே அது முடிகிறது.

அந்நாற்காலியும் முழுமையாகக் கிட்டுவதில்லை. பட்டியலினத்தவருக்குரிய மூன்றாம் ஆண்டு 2024 ஏப்ரலில் தொடங்கியிருக்க வேண்டும். முதலமைச்சர் சிறையிலிருந்தார்; அவருடைய பரிந்துரை இல்லையென்று கூறித் துணைநிலை ஆளுநர் தேர்தலை நடத்தும் தலைமை அலுவலரை நியமிக்கவில்லை. தேர்தல் நவம்பர் 14ஆம் நாள்தான் நடந்தது. மகேஷ் குமார் 3 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ ஐந்து மாதங்கள். ஒதுக்கீட்டின் ஓராண்டில் பாதிக்கு மேல் கரைந்தபின் எஞ்சியதைத்தான் நாம் சமூகநீதி என்று கணக்கெழுதுகிறோம்.

மேயர் நீண்டகாலம் இருந்தால் தனியாதிக்கம் வளரும் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். சென்னையைப் பாருங்கள். பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட மேயர் பதவியை 2022இல் ஏற்ற ஆர். பிரியாவுக்கு வகுக்கப்பட்ட காலம் ஐந்தாண்டு. ஆணையர் அங்கும் வலிமை மிக்கவர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு மேயரிடம் ஐந்தாண்டுக் கணக்கைக் கேட்க அங்கு வழியுண்டு. கொல்கத்தாவில் 1980ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகப் பொறுப்பை மேயர் தலைமையிலான குழுவிடமே ஒப்படைத்தது. தனியாதிக்கத்தைத் தடுக்க வேண்டுமானால் அத்தகைய குழுவே போதுமே, பதவிக்காலத்தை நறுக்குவானேன்?

நகராட்சி அமைப்புகளுக்கு ஐந்தாண்டுக் காலத்தை உறுதிசெய்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், அவற்றின் தலைவர்களைப் பற்றி அத்தகைய உறுதி எதையும் தரவில்லை. 2022இல் தில்லியின் மூன்று மாநகராட்சிகளை மீண்டும் ஒன்றாக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மாநில அரசிடமிருந்த அதிகாரங்கள் பலவற்றை ஒன்றிய அரசுக்கு மாற்ற அப்போது மனம் இருந்தது. மேயரின் ஓராண்டை மட்டும் எவரும் தொடவில்லை.

ஆய்வாளர்களாகிய நாம் மேயர்களின் பெயர்ப்பட்டியலைத் தொகுத்து அதனை வரலாறு என்று அழைப்பதை நிறுத்துவோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் எத்தனை நாள் இருந்தார், எதில் கையொப்பமிட அவருக்கு உரிமை இருந்தது என்று எழுதுவோம்.