வேட்டைக்கு ஏற்ற வீடும் வயலும்

கேள்வி:

நாகூருக்கு மேற்கே வெட்டாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சையும், அதை ஒட்டி அப்பா காலத்து ஓட்டு வீடும் கொல்லையும் இருக்கின்றன. வெளிநாட்டு வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டேன். கைக்கு எட்டிய அளவில் வருடத்துக்குக் கொஞ்சமாக வீட்டையும் நிலத்தையும் சரிசெய்து வருகிறேன். தாத்தா காலத்தில் கொல்லைக் குட்டையில் கொக்கு, மடையான், நீர்க்கோழி அடிப்பார்கள். அதுபோல ஒரு குட்டையும் புதரும் அமைத்து, ஏர்கன்னில் வேட்டையாட ஏற்ற இடமாக மாற்றலாமா? சம்பாவில் எலித் தொல்லையும் தாங்கவில்லை. வரப்பில் மின்கம்பி இழுக்கச் சிலர் சொல்கிறார்கள். யோசனை சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், நாகூர்

பதில்:

கடிதத்தில் இருப்பது இரண்டு கேள்விகள். ஒன்று பறவை வேட்டை, மற்றொன்று எலி. தனித்தனியாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் சட்டம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி கொக்கு, மடையான், நீர்க்கோழி ஆகிய எதையும் அடிக்கக் கூடாது. சொந்தப் பட்டா நிலம், சொந்தக் குட்டை என்பதால் விலக்குக் கிடையாது. சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே இந்தச் சட்டத்தில் வேட்டைதான். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சாலையோரம் விற்கும் மடையானை வாங்குவதும் குற்றம். நாகப்பட்டினம் மாவட்டத்தின் தெற்கு முனையில் கோடியக்கரை சரணாலயம், பக்கத்துத் திருவாரூர் மாவட்டத்தில் வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் இருக்கின்றன. அங்கே வந்திறங்கும் பறவைகள் இரை தேடுவது டெல்டா வயல்களில்தான்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்குப் பார்த்தாலும் பறவையை அடிப்பது விவசாயிக்கு நஷ்டம். உழவு ஓட்டும்போது பின்னாலேயே நடக்கும் உண்ணிக்கொக்கு வெட்டுக்கிளியையும் புழுவையும் பொறுக்குகிறது. வரப்போரம் அசையாமல் நிற்கும் மடையான் வயல் நண்டைப் பிடிக்கிறது. நட்ட நாற்றைக் கத்தரிப்பதும், வரப்பில் ஓட்டை போட்டுத் தண்ணீரை வெளியேற்றுவதும் இந்த நண்டுதான். கடைமடையில் தண்ணீரின் அருமை சொல்ல வேண்டியதில்லை.

தீங்கு செய்யும் பறவைகளும் உண்டு. நீர்க்கோழி இனத்தைச் சேர்ந்த நாமக்கோழி இளம் பயிரை மிதித்தும் கடித்தும் பாழாக்கும். அதையும் விரட்டலாமே தவிர அடிக்கக் கூடாது. வயலுக்கு மேல் மினுமினு நாடாவை முறுக்கிக் கட்டுவதும், அது பதுங்கும் கோரையையும் சம்பையையும் வாய்க்கால் ஓரத்தில் அறுத்துவிடுவதும் பலன் தரும். வாசகர் நினைக்கும் புதர் வயலை ஒட்டி இருக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். எலிக்கும் அந்தப் புதர்தான் மறைவிடம்.

ஆக, வேட்டைக்கு ஏற்றபடி வீட்டையும் நிலத்தையும் சிறுகச் சிறுகச் சீர்செய்யும் எண்ணம் நல்லதுதான். வேட்டையாடும் ஆளைத்தான் மாற்ற வேண்டும். இரவில் எலியைத் தேடி வரும் கூகைக்கும், பகலில் வரும் சாரைப் பாம்புக்கும் கீரிக்கும் அந்த இடம் ஏற்றதாக இருக்கட்டும். மனிதன் கையால் செய்ய வேண்டிய வேட்டை ஒன்றும் மிச்சம் இருக்கிறது. அது எலிக் கிட்டி.

முதல் ஆண்டு: எலிக்கு இடம் கொடுக்காத நிலம்

டெல்டா நெல் வயலில் பெருஞ்சேதம் செய்வது கரம்பை எலி. மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாளில் குட்டி போடும். ஓர் ஈற்றுக்கு 5 முதல் 10 குட்டிகள் வரை இருக்கும். தூரைச் சாய்வாகக் கத்தரித்துப் போட்டிருந்தால் அது எலியின் வேலை. கதிர் முற்றியதும் அறுத்து வளைக்குள் சேர்த்துவைக்கும். வளையைத் தோண்டினால் கதிர் கட்டுக்கட்டாக வெளியே வரும்.

எலி வளை தோண்ட அகலமான, உயரமான வரப்பு வேண்டும். வரப்பை ஓர் அடி உயரம், ஓர் அடி அகலத்துக்கு மிகாமல் ஒடுக்கினால் பாதி வேலை முடிந்தது. கோடையில் வரப்பை வெட்டிச் சீர்செய்யும்போதே வளைகளைத் தோண்டி அழித்துவிட வேண்டும். எது எலி உள்ள வளை என்று அறிய, மாலையில் எல்லா வளை வாயையும் சேற்றால் அடைத்துவைத்து மறுநாள் காலையில் பார்க்கலாம். திறந்திருப்பவற்றில் எலி இருக்கிறது.

வீட்டுப் பக்கம் வைக்கோல் போரைத் தரையில் போடாமல் கல்லும் கட்டையும் வைத்து உயர்த்திப் போட வேண்டும். நெல் வைக்கும் இடத்தின் கதவடி இடைவெளியைத் தகரம் அடித்து மூட வேண்டும். கூரைமேல் சாயும் கிளைகளைக் கழிக்க வேண்டும். அவைதான் எலிக்குப் பாலம்.

கிட்டி வைப்பதும் இந்த ஆண்டே தொடங்கலாம். தஞ்சாவூர்க் கிட்டி என்று பெயர் பெற்ற இந்த மூங்கில் பொறியை டெல்டாவில் அறியாதவர் இல்லை. வளைத்த மூங்கில் விசையில் நாண் கட்டி இரை வைப்பார்கள். எலி இரையை இழுத்ததும் நாண் கழுத்தை இறுக்கிவிடும். எலி ஓடும் தடம் பார்த்து வைப்பதில்தான் சூட்சுமம். கிட்டி வைத்துப் பழகிய ஆள் கிடைத்தால் கூலி கொடுத்து அழைப்பதே லாபம். நட்ட 45 நாளுக்குள், பயிர் கதிர்ப் பொதிக்கு வரும் முன்னரே வைத்துவிட வேண்டும். இருட்டும் நேரத்தில் வைத்து விடியும் முன் எடுத்துவிட்டால் பறவைகள் மாட்டாது. அக்கம்பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து ஒரே வாரத்தில் வைக்க வேண்டும். ஒருவர் மட்டும் வைத்தால் அடுத்த வயல் எலி குடிவந்துவிடும்.

இரண்டாம் ஆண்டு: கூகைக்கு இருக்கை

இதய வடிவ முகமும் வெளிர் நிறமும் கொண்ட கூகையைத்தான் ஊரில் சாக்குருவி என்கிறார்கள். அது அலறினால் வீட்டில் சாவு விழும் என்ற பயத்தில் கல்லெறிந்து விரட்டுவோர் இன்னும் உண்டு. உண்மையில் அது அலறும் வீட்டைச் சுற்றி எலி இருக்கிறது என்பதுதான் சேதி. ஒரு கூகை ஓர் இரவில் ஒன்றிரண்டு எலிகளைத் தின்னும். குஞ்சு இருக்கும் காலத்தில் ஓர் இணை பிடிப்பது இதைவிடப் பல மடங்கு.

இருளில் உட்கார்ந்து ஒலி கேட்டுப் பாய்வது அதன் வழக்கம். எனவே வயலில் உட்கார இடம் வேண்டும். ஏக்கருக்கு 15 முதல் 20 தாங்கிகள் போதும். ஆள் உயரக் கழியின் தலையில் குறுக்குக்கட்டை அடிக்கலாம். காசில்லாத வழி, காய்ந்த தென்னை மட்டையைத் தலைகீழாக நடுவது. கதிர் பால் பிடிக்கும்போது வயல் நடுவில் உள்ளவற்றை எடுத்துவிட்டு வரப்போரத்தில் மட்டும் விட வேண்டும். இல்லையென்றால் பகலில் தானியம் தின்னும் குருவிகள் அதில் வந்து உட்காரும்.

மூன்றாம் ஆண்டு: வீட்டிலேயே ஒரு கூடு

கூகை கூடு கட்டாது. மரப்பொந்து, பழைய கட்டடத்து மாடம், ஓட்டு வீட்டுப் பரண் ஆகியவற்றில்தான் முட்டையிடும். 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்தபோது பொந்துகளும் போயின. ஓட்டு வீடுகள் காங்கிரீட் ஆனபோது பரணும் போயிற்று. வாசகரின் ஓட்டு வீடு அந்த வகையில் ஒரு சொத்து. புதுப்பிக்கும்போது பரணின் ஒரு மூலையைப் பலகையால் தடுத்து, வெளிச்சுவரில் ஒரு வழி விடலாம்.

தனிப் பெட்டியாக வைப்பதானால் நீளம் 2 அடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் ஒன்றரை அடி. வாசல் அரை அடிச் சதுரம். அடியில் நீர் வடிய நான்கு துளைகள். தரையிலிருந்து 12 முதல் 15 அடி உயரத்தில், வடகிழக்குப் பருவமழைச் சாரல் அடிக்காதபடி வாசலைத் தெற்கே வைத்துப் புயலுக்குத் தாங்குமாறு இறுக்கிக் கட்ட வேண்டும். நாகூர்க்காரர்கள் பலர் பிழைக்கப் போன மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இப்படித்தான் பெட்டி வைத்துக் கூகையை வளர்க்கிறார்கள். இஸ்ரேல் விவசாயிகளும் 1980-களிலிருந்து இதைச் செய்கிறார்கள்.

பெட்டி வைத்த மறுமாதமே கூகை வந்துவிடாது. ஓரிரு ஆண்டு காத்திருக்க நேரலாம். வந்துவிட்டால் பெட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது. முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு பறக்க இரண்டு மாதம் ஆகும்.

பெட்டி வைத்த இடத்தில் புரோமடையலோன் போன்ற எலி மருந்தைத் தவிர்க்க வேண்டும். மருந்து தின்று தள்ளாடும் எலியைத்தான் கூகை எளிதாகப் பிடிக்கும். பிறகு அதுவும் சாகும். எலி மிக அதிகமாகி வேறு வழியே இல்லாதபோது 49 பங்கு பொரி அல்லது கருவாட்டுத்தூளுக்கு ஒரு பங்கு துத்தநாக பாஸ்பைடு கலந்து, இரண்டு நாள் மருந்தில்லா இரை வைத்துப் பழக்கிய பின், வளைக்குள் மட்டும் ஒருமுறை வைக்கலாம். செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்துவிட வேண்டும்.

மின்கம்பி வேண்டவே வேண்டாம்

வரப்பில் இழுக்கும் மின்கம்பி எலிக்கும் மனிதனுக்கும் வேறுபாடு பார்க்காது. இரவில் தண்ணீர் பார்க்கப் போனவர், மாடு தேடிப் போனவர், சில நேரம் கம்பியை இழுத்தவரே செத்த செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. மின்திருட்டு வழக்கோடு உயிர்ப்பலி வழக்கும் சேரும். மூன்று ஏக்கர் சம்பாவில் எலி தின்னும் நெல்லுக்கு ஓர் உயிர் ஈடாகாது. யோசனை சொன்னவர்களிடமும் வாசகர் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

குட்டை தாராளமாக வெட்டலாம். அதில் மீன் விடலாம். கடைமடைக்கு அது சேமிப்புத் தண்ணீரும் ஆகும். கொக்கு வந்து இரண்டு மீன் கொத்தினால் அதை வயல் நண்டைப் பிடித்ததற்கான கூலியாக வைத்துக்கொள்ளலாம்.

கூகை குடிவந்ததை அறிவது எளிது. பெட்டிக்கு அடியிலும் தாங்கிக்கு அடியிலும் கட்டைவிரல் பருமனில் கருப்பு உருண்டைகள் கிடக்கும். எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் அது கக்கியவை. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலி மண்டையோடுகளை எண்ணலாம். தாத்தா அடித்த பறவைகளின் கணக்கைவிட அந்தக் கணக்கு வாசகரின் பேரப்பிள்ளைகளுக்கு உதவும்.