போட்டியில்லா மாதங்கள்

கூடைப்பந்து அணியின் ஆற்றல் போட்டிக் காலத்தில் வெளிப்படுகிறதே அன்றி, அக்காலத்தில் உருவாவதில்லை என்பது நம் கருத்து. அமெரிக்கத் தொழில்முறைக் கூட்டமைப்பாகிய என்.பி.ஏ.யில் ஓரணி ஒரு பருவத்தில் வழக்கமாக 82 ஆட்டங்கள் ஆடுகின்றது. அந்நெருக்கடியில் பயிற்றுநரின் கவனமெல்லாம் அடுத்த எதிரணியின்மீதே இருக்கும். தனியொருவரின் குறையைக் களைய அவருக்கு நேரமேது?

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 1963ஆம் ஆண்டு பிறந்த ஹக்கீம் ஒலாஜுவான், முதலில் கால்பந்தாட்டத்தில் இலக்குக் காவலராக நின்றவர். பதின்பருவத்தின் பிற்பகுதியில்தான் கூடைப்பந்துக்கு வந்தார். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, கோடைதோறும் அந்நகரின் ஃபாண்டி பொது விளையாட்டரங்கில் மோசஸ் மலோனை எதிர்த்து ஆடினார். மலோனோ அக்காலத்தில் என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதினைப் பெற்றவர்; முட்டி மோதிப் பந்தைக் கைப்பற்றுவதில் நிகரற்றவர். மாணவர் ஒருவருக்கு இதனினும் கடுமையான வகுப்பறை வாய்த்திருக்க இயலாது. பின்னாளில் 1994, 1995 ஆகிய ஈராண்டுகளிலும் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி பட்டம் வெல்ல முதற்காரணராக விளங்கியவர் இதே ஒலாஜுவான்.

கற்றவர் கற்பித்தவருமானார். 2011 இறுதிப்போட்டியில் டல்லாஸ் அணியிடம் மயாமி அணி தோற்றது. அதன் நான்காம் ஆட்டத்தில் லெப்ரான் ஜேம்ஸ் எடுத்தவை 8 புள்ளிகளே. அக்கோடையில் அவர் ஒலாஜுவானை நாடிச் சென்று, கூடைக்கு அருகில் எதிராளிக்கு முதுகு காட்டி ஆடும் நுட்பங்களைப் பயின்றார். அடுத்த பருவத்தில், தொலைவிலிருந்து எறியும் மூன்றுபுள்ளி முயற்சிகள் ஆட்டத்திற்குச் சராசரி 3.5இலிருந்து 2.4ஆகக் குறைந்தன, 2012இல் பட்டமும் கிட்டியது. பிற காரணங்களும் உண்டெனினும், குறையறிந்து ஆசானைத் தேடிய அத்தெளிவையே நாம் போற்றுகிறோம்.

விடுமுறைத் திட்டமென்றால் அனைவரையும் ஒன்றாக ஓடவிடுவதும், ஊர்தோறும் கோடைப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்வதுமே எனக் கருதுவோர் பலர். நமக்கு அதில் உடன்பாடில்லை. முதலிரு வாரங்கள் உடல் ஓயட்டும். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒன்றோ இரண்டோ திறன்கள் மட்டும் குறிக்கப்பெறல் வேண்டும். இடக்கையால் பந்தைத் தட்டிச் செல்ல இயலாதவருக்கு அதுவே அவ்வாண்டின் பாடம். எறிந்தவை எத்தனை, கூடையில் விழுந்தவை எத்தனை என்பதை ஆட்டக்காரரே நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி வரட்டும். தம்மினும் வலியவருடன் வாரம் இருமுறையேனும் ஆட வழிசெய்தல் வேண்டும். விடுமுறையில் அரங்கின் திறவுகோல் யாரிடம் இருக்கும் என்பதையும் அத்திட்டத்திலேயே எழுதிவிடுதல் நன்று.